ழகரத் தேர்வில் தோற்ற பாடகர்களுக்காக

நீண்ட பதிவு. ஆய்வாளர்களும் மாணவர்களும் இறுதிவரை வாசித்தபின் மறுக்குமாறு வேண்டுகிறேன். மறுப்பை வரவேற்கிறேன், சிரிப்புக் குறிகளை அல்ல. அவற்றைப் பற்றித்தான் இப்பதிவே.

சென்ற மாதம் கோர்படியைச் சேர்ந்த ஓர் இளைஞர் தாமே எழுதி, தாமே கிதார் வாசித்துப் பாடிய தமிழ்ப் பாடலொன்றைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். கோரேகான் பார்க் பகுதி விடுதிகளில் வார இறுதிகளில் ஆங்கில ப்ளூஸ் பாடல்களை ஒரு குழுவோடு பாடிவந்தவர் அவர். குழுவைவிட்டு விலகி, தம் பெயரில், தம் வீட்டு மொழியில் தனியாகப் பாட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 12 பார்கள் கொண்ட பழகிய ப்ளூஸ் அமைப்பிலேயே அப்பாடலைக் கட்டியிருந்தார். ரயில்வே கேட் திறப்பதற்காக மழையில் காத்து நிற்கும் ஒருவர், டீசல் ஷெட்டில் உழைத்து ஓய்ந்த தம் தாத்தாவை நினைத்துக்கொள்வதே அதன் பொருள். கோர்படியில் வாழ்ந்தோருக்கு அந்த ரயில்வே கேட் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

அப்பாடல் மறுநாள், தமிழாய்வாளர்கள் கூடும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துசேர்ந்தது. ‘மழை’ என்பதை அவர் ‘மளை’ என்று பாடியிருந்தார். அவ்வளவுதான். ‘இது எந்த நாட்டுத் தமிழ்?’ என்றார் ஒருவர். ‘கிதாருக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது’ என்றார் மற்றொருவர். தொடர்ந்து சிரிப்புக் குறிகள் வரிசையாக வந்தன. பாடலைப் பற்றி, குரலைப் பற்றி, சொல்லப்பட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யாரோ அந்த உரையாடலைப் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிட்டனர். இரண்டு நாளில் பாடல் நீக்கப்பட்டது.

அக்குழுவில் நானும் இருந்தேன். மொழியியலில் முதுகலை முடித்து, புலம்பெயர்ந்தோர் தமிழின் ஒலியமைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நான், அன்று வாய் திறக்கவில்லை. மூத்தவர்களிடம் எதிர்வாதம் செய்யத் தயங்கினேன். அந்த மௌனத்திற்கான கடனை அடைக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒலியியல். ழகரத்தைத் தமிழின் தனிச்சிறப்பு என்று கொண்டாடுகிறோம், தவறில்லை. ஆனால் அதை ஒருவர் தமிழரா என்று சோதிக்கும் கருவியாக்கும்போது நாம் தமிழ்நாட்டையே அறியாதவர்களாகிவிடுகிறோம். மதுரையிலும் திருநெல்வேலியிலும் ழகரம் அன்றாடப் பேச்சில் ளகரத்தோடு ஒன்றிவிட்டது. சென்னை வழக்கிலும் வடமாவட்ட வழக்குகளிலும் அது யகரமாகிறது. வட ஆர்க்காட்டிலிருந்து புனேவுக்கு வந்த குடும்பத்தில் பிறந்த என் பாட்டி ‘வாயப்பயம்’ என்றே சொல்வார். யாழ்ப்பாணப் பேச்சிலும் ழகரமும் ளகரமும் வேறுபடுவதில்லை. ஆக, ‘மளை’ என்ற அந்த இளைஞர் எந்த நாட்டுத் தமிழையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. கோடிக்கணக்கானோர் நாவிலுள்ள தமிழைத்தான் பாடினார். மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை என்பதால் புனேயில் வளர்ந்தவரின் நாவில் அவ்வழக்கு மேலும் உறுதிப்பட்டிருக்கலாம். இது முறையான ஒலி மாற்றம். இளங்கலை மொழியியல் மாணவரும் இதை ‘ஒலியன் இணைவு’ என்று எழுதி மதிப்பெண் பெறுவார். தேர்வுத்தாளில் இணைவு என்று எழுதும் நாம், ஒருவர் பாடும்போது மட்டும் அதைப் பிழை என்கிறோம். ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் சுசீலா ராமன். தமிழ்ப் பெற்றோருக்கு 1973இல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியா சென்றவர். வீட்டில் கர்நாடக இசை பயின்று, சிறுமியாகவே கச்சேரி செய்தவர். பதின்பருவத்தில் சிட்னியில் சொந்தமாக ஓர் இசைக்குழு அமைத்து ராக் பாடினார். பின் ப்ளூஸ், ஜாஸ் வழிப்பட்ட இசைக்கு நகர்ந்தார். கர்நாடக இசைக்குப் பழகிய தொண்டையை ப்ளூஸுக்குப் பழக்குவது எளிதன்று. குரலை எங்கே உடைக்கலாம், எங்கே மூச்சைக் கேட்கவிடலாம் என்பதில் இரண்டு மரபுகளும் வேறு வேறு பதில்களைத் தருகின்றன. அவ்விரண்டு பதில்களையும் ஒரே தொண்டையில் வைத்துக்கொள்ளும் முயற்சியோடு 1995இல் இந்தியா வந்து, இந்துஸ்தானி பாடகி ஸ்ருதி சடோலிகரிடம் பயின்றார். 1997இல் இங்கிலாந்து திரும்பிக் கிதார் கலைஞர் சாம் மில்ஸுடன் பணியாற்றத் தொடங்கினார். 2001இல் ‘சால்ட் ரெய்ன்’ என்ற முதல் தொகுப்பு வந்தது. கீர்த்தனைகளும், அவருடைய ஆங்கிலப் பாடல்களும், டிம் பக்லியின் பாடலொன்றும் அதில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் அது இடம்பெற்றது. 2007இல் வந்த தொகுப்பில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் முதலியோரின் பாடல்களைத் தம் போக்கில் பாடினார். 2011இல் வந்த தொகுப்பின் பெயரே ‘வேல்’. தமிழ்நாட்டுக் கோயில் விழாக்களின் முருகன் பாடல் மரபு அவருடைய இசையின் நடுவே வந்து நின்றது.

இவரைப் பற்றித் தமிழ்த்துறைகளில் எத்தனை ஆய்வேடுகள் வந்துள்ளன என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டவரெல்லாம் என்ன சொன்னார்கள் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், புலம்பெயர்ந்தோர் இசை பற்றிய என் கட்டுரைக்காக அவருடைய பாடலொன்றை ஒலிக்கச் செய்தேன். பாடல் முடிந்ததும் எழுந்த முதல் வினா: ‘உச்சரிப்பு சரியில்லையே, இதை எப்படித் தமிழ்ப்பாடல் என்கிறீர்கள்?’ இரண்டாவது வினாவும் அதுவே, வேறு சொற்களில். பத்தாண்டுகளுக்கு மேலாக ஒருவர் கட்டியெழுப்பிய இசையின் முன் நாம் வைத்த ஒரே அளவுகோல் நாக்கு நுனி.

ஆம், அவருடைய தமிழ் தஞ்சாவூர்த் தமிழோ மதுரைத் தமிழோ அன்று. லண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவரின் தமிழ் வேறெப்படி இருக்க வேண்டும்? அந்த நாவில் இருப்பது அறியாமையன்று. ஒரு குடும்பம் கடந்துவந்த தொலைவு அது. அந்தத் தொலைவைத் துடைத்துவிட்டுப் பாடு என்று கேட்பது, அவரிடம் சொல்வதற்கு இருக்கும் ஒன்றையும் சொல்லாதே என்பதாகும்.

அதே கருத்தரங்கின் மதிய உணவு வேளையில், வினா எழுப்பியவர்களில் ஒருவர் பி. பி. கிங்கின் குரலைப் பற்றி உருகிப் பேசினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் கல்விப்புலத்தில் ப்ளூஸ் மீது மதிப்பு குறைவில்லை. அடிமைப்பட்டோரின் வழித்தோன்றல்கள் படைத்த கலை, ஒடுக்கப்பட்டோரின் குரல் என்றெல்லாம் எழுதுகிறோம். ஆனால் ப்ளூஸ் எந்த மொழியில் பாடப்பட்டது என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். அது பள்ளிக்கூட ஆங்கிலத்தில் பாடப்படவில்லை. ஆப்பிரிக்க அமெரிக்கரின் தென்மாநில வழக்கில் பாடப்பட்டது. சொல்லிறுதியில் சேர்ந்து வரும் மெய்கள் தேய்ந்து ஒலித்தால்தான் பல பாடல்களில் அடியிறுதி இயைபே அமைகிறது. ‘திருத்தமாக’ உச்சரித்தால் இயைபு உடைந்துபோகும். ஐரோப்பிய இசைக்காது சுருதி விலகல் என்று குறித்திருக்கக்கூடிய, மூன்றாம் சுரத்தைச் சற்றே தாழ்த்திப் பிடிக்கும் அந்தப் பிடிதான் இன்று ‘ப்ளூ நோட்’ என்ற பெயரோடு அக்கலையின் அடையாளமாக நிற்கிறது. மொழியிலும் சுரத்திலும் பிழை என்று ஒதுக்கப்பட்டவற்றைக் கைவிடாததால் உருவான கலை அது.

மடி வாட்டர்ஸை எடுத்துக்கொள்வோம். 1941இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோவல் பருத்திப் பண்ணைக்கு ஆலன் லோமாக்ஸ் சென்று அவரைப் பதிவு செய்தார். 1943இல் அவர் சிகாகோவுக்கு இடம்பெயர்ந்தார். தெற்கிலிருந்து வடக்கின் தொழில் நகரங்களுக்கு ரயிலேறிய பல இலட்சம் கறுப்பினத்தவரில் அவரும் ஒருவர். நகரத்தின் இரைச்சலுக்கு ஈடுகொடுக்க மின்கிதாருக்கு மாறினார். கருவியை மாற்றிக்கொண்டவர் நாவை மாற்றிக்கொள்ளவில்லை. மிசிசிப்பியின் பேச்சு அப்படியே சிகாகோவுக்கு வந்தது. வேலை தேடி ரயிலில் வந்தவர்களின் பேட்டைகளில் ஒன்றான கோர்படியில் அமர்ந்து இதை வாசிக்கும்போது எனக்கு அது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

இன்னொரு சான்று. பிரிட்டிஷ் பாப் பாடகர்களின் உச்சரிப்பைப் பற்றி மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1983இல் வெளியிட்ட கட்டுரையைச் சமூக மொழியியல் படித்தவர்கள் அறிவர். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற குழுக்கள் பாடும்போது தம் ஊர் ஒலிப்பை விட்டு அமெரிக்க ஒலிப்பை, அதிலும் தென்மாநில, கறுப்பினப் பாடகர்களின் ஒலிப்பைப் பின்பற்ற முயன்றதை அவர் விளக்கினார். யாருடைய இசையைப் போற்றினார்களோ அவர்களைப் போல ஒலிக்க விரும்பினார்கள். பள்ளிக்கூடம் இழிவென்று ஒதுக்கிய ஒரு வழக்கு, கலையின் வழியாக, உலகம் முழுவதும் இளைஞர்கள் பயில விரும்பும் வழக்காயிற்று. அதே வழக்கைப் பேசிய குழந்தைகளுக்கு ஆன் ஆர்பர் நகரின் பள்ளிகளில் நேர்ந்த அநீதி 1979இல் நீதிமன்றம் வரை சென்றது. அவர்களுடைய வீட்டு மொழியைப் பள்ளி கணக்கில் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவ்வழக்கில் சாட்சியம் அளித்த மொழியியலாளர்களுள் வில்லியம் லபோவ் ஒருவர். அவ்வழக்குக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, தருக்கம் உண்டு என்று 1969இலேயே எழுதியவர் அவர். லபோவின் பெயரை மேற்கோள் காட்டாத சமூக மொழியியல் ஆய்வேடு நம்மிடையே உண்டா? அவரை மேற்கோள் பட்டியலில் வைத்துவிட்டு, வாட்ஸ்ஆப் குழுவில் ‘நாக்கு சுளுக்கிக்கொண்டது’ என்று எழுதுகிறோம்.

அமெரிக்காவை விடுங்கள், நம் மரபு என்ன சொல்கிறது என்பாருக்கும் விடை உண்டு. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை நான்காகப் பகுத்தபோது திசைச்சொல்லை வெளியே நிறுத்தவில்லை. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களில் வழங்கும் சொற்களும் செய்யுளுக்குள் வரலாம் என்று இடமளித்தார். செய்யுளியலில் அவர் கூறும் எட்டு வனப்புகளுள் ‘புலன்’ என்பது ஒன்று. சேரிமொழியில் அமைந்து, ஆராய்ந்து தேட வேண்டாமல் கேட்டவுடன் பொருள் விளங்கும் செய்யுளே அது. மக்கள் சேர்ந்து வாழும் இடத்தின் பேச்சில் அமைந்த பாட்டை வனப்பு என்று வகைப்படுத்திய நூலை முதல் நூலாகக் கொண்டாடும் நாம், கோர்படிப் பேச்சில் அமைந்த பாட்டைக் கேட்டுச் சிரிக்கிறோம். தொல்காப்பியத்தைக் காப்பவர் யார், மீறுபவர் யார்?

அடுத்து, சபாக்களின் நிலை. தியாகராசரின் கீர்த்தனைகள் தெலுங்கில் அமைந்தவை. தெலுங்கில் ஒலிப்புடை எழுத்துகளும் மூச்சொலிகளும் பொருளை வேறுபடுத்தும். தமிழில் அவற்றுக்குத் தனி வரிவடிவமும் இல்லை, ஒலியன் மதிப்பும் இல்லை. ஆகவே தமிழ்ப் பாடகர் பலரின் தெலுங்கு தமிழ் மணத்தோடே ஒலிக்கிறது. அதைச் செவ்வியல் இசை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அம்மேடைகளில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று கேட்டு 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், தமிழ்ப் பாடகர்களின் தெலுங்கு உச்சரிப்பை யாரும் அவர்களுடைய கலைத்தகுதிக்குத் தேர்வாக வைக்கவில்லை. தமிழ் நாவில் தெலுங்கு சற்று வளையலாம். லண்டன் நாவில் தமிழ் வளையக் கூடாது. இதற்குப் பெயர் மொழிப்பற்று என்றால், அப்பற்று ஏன் ஒரு திசையில் மட்டும் பாய்கிறது?

‘பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்கள் தமிழை எவ்வளவு துல்லியமாகப் பாடினார்கள்!’ என்று உடனே நினைவூட்டப்படும். உண்மை. அவர்களுடைய உழைப்பின் முன் தலைவணங்குகிறேன். ஆனால் பின்னணிப் பாடகரின் பணி என்ன என்று யோசியுங்கள். திரையில் தோன்றும் இன்னொருவரின் உடலுக்குக் குரல் தருவது. மதுரைப் பெண்ணாக நடிப்பவர் வாயசைக்கும்போது பாடுபவரின் ஊர் கேட்டுவிடக் கூடாது. ஊரை மறைப்பது அக்கலையின் இலக்கணம். தனிப்பாடகரின் கலை இதற்கு நேர் எதிரானது. அவர் குரலுக்கு அவர் உடலே பொறுப்பு. கிதாரோடு தனியாக மேடையேறும் ஒருவர் தம் ஊரையும் தம் பாட்டியின் பேச்சையும் தாம் வளர்ந்த தெருவையும் உடன் அழைத்துக்கொண்டுதான் ஏறுகிறார். பின்னணிப் பாடலின் அளவுகோலைத் தனிப்பாடகர் மீது வைப்பது, தன்வரலாற்றை மொழிபெயர்ப்பு நூலுக்கான விதியால் மதிப்பிடுவது போன்றது. சபா அல்லது சினிமா என்ற இரண்டே வாயில்கள் உள்ள வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டதால், மூன்றாவது வழியாக வருபவர் நமக்குத் திருடராகத் தெரிகிறார்.

வெளியுலகமும் இத்தகையோரிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. 1987இல் சில இசைத்தட்டு நிறுவனத்தார் லண்டன் மதுக்கூடமொன்றில் கூடி, கடைகளில் எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாத இசைகளுக்கெல்லாம் ‘உலக இசை’ என்று பெயரிட்டு விற்கலாம் என முடிவு செய்தனர். லண்டனில் பிறந்த சுசீலா ராமனுக்கு 2002இல் பிபிசி வானொலியின் புதுமுக விருது கிடைத்தபோது அதுவும் அந்த உலக இசை அடுக்கிலேயே கிடைத்தது. பிறந்த ஊரின் கடையிலேயே அயல்நாட்டு அடுக்கு. பெற்றோரின் மொழிக்குத் திரும்பினால் ‘இது எந்த நாட்டுத் தமிழ்?’ என்ற வினா. வணிகர்கள் விற்பனைக்காகச் செய்ததை அறிஞர்களாகிய நாம் இலவசமாகச் செய்கிறோம்.

எதிர்வாதங்கள் மூன்றை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது: ‘அப்படியானால் பொதுத்தமிழே வேண்டாமா? நீங்களே செந்தமிழில்தானே எழுதுகிறீர்கள்?’ வேண்டும். தமிழ் இரட்டை வழக்குள்ள மொழி. எழுத்துக்கு ஒரு வழக்கும் பேச்சுக்குப் பல வழக்குகளும் இயல்பாக உள்ளன. கன்னியாகுமரி மாணவரும் மட்டக்களப்பு மாணவரும் கோர்படி மாணவரும் ஒருவரையொருவர் வாசிக்க எழுத்து வழக்கு தேவை. அதற்காகவே இப்பதிவும் இந்நடையில் அமைகிறது. ஆனால் ஆய்வுக்கட்டுரைக்கு உரிய வழக்கு தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் உரிய வழக்கு ஆகிவிடாது. பாட்டு எந்த வழக்கில் அமைய வேண்டும் என்பதைப் பாடுபவரே முடிவு செய்வார்.

இரண்டாவது: ‘ல, ள, ழ மயங்கினால் பொருள் மயங்கும்.’ வகுப்பறைப் பட்டியலில் மயங்கும். பாட்டில் சூழல் இருக்கிறது. ரயில்வே கேட்டில் நனைந்து நிற்பவர் ‘மளை’ என்று பாடும்போது யாருக்குப் பொருள் விளங்கவில்லை? சிரித்தவர்களுக்கும் விளங்கியது, விளங்கியதால்தான் திருத்த முடிந்தது.

மூன்றாவது, சற்று வலுவானது: ‘ப்ளூஸ் கறுப்பினத்தவரின் துயரத்தில் விளைந்தது, தமிழர் அதை எடுத்தாள்வது நியாயமா?’ இவ்வினா நேர்மையானது. எடுத்தாள்பவர் அதன் வரலாற்றை அறிந்து, பெயர் சொல்லி, கடனை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே என் விடை. நம் சிலர் செய்வதுபோல, யாழேந்திய பாணரைக் காட்டி ‘ப்ளூஸும் எங்களிடமிருந்தே சென்றது’ என்று உரிமை கொண்டாடுவது அக்கடனை மறுக்கும் செயல். மேலும், ப்ளூஸிடமிருந்து கற்க வேண்டியது அதன் சுர அமைப்பு மட்டுமன்று. தன் பேச்சைப் பற்றி வெட்கப்படாமல் பாடுவதும் அங்கே கற்கத்தக்கது. அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கறுப்பினப் பேச்சை நடித்துக்காட்டுபவரைவிட, தம் கோர்படித் தமிழில் பாடுபவரே அக்கலைக்கு நெருக்கமானவர் என்பேன்.

கோர்படித் தமிழ் என்று எழுதினேன். அப்படியொன்று உண்டா என்பீர்கள். உண்டு, என் ஆய்வே அதுதான். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு ‘பட்டாட்டா’, கொத்தமல்லித்தழை ‘கோதிம்பீர்’. சொற்கள் மேற்பரப்பு; இலக்கணத்தில் நிகழ்வது இன்னும் சுவையானது. சாங்லி மாவட்டத்தின் குப்வாட் கிராமத்தில் மராத்தி, கன்னடம், உருது மூன்றும் இலக்கண அமைப்பில் ஒன்றையொன்று நெருங்கியதைக் கம்பர்ஸும் வில்சனும் 1971இல் காட்டினர். மொழிகள் கூடி வாழும் இம்மாநிலத்தில் அது விந்தையன்று. தமிழின் ‘என்று’ செய்யும் பணியை மராத்தியின் ‘ம்ஹணூன்’ செய்கிறது. தமிழைப் போலவே மராத்தியிலும் கேட்பவரை உட்படுத்தும் ‘நாம்’ வேறு, விலக்கும் ‘நாங்கள்’ வேறு. ஆகவே மராத்திப் பள்ளியில் படித்த கோர்படிக் குழந்தை எத்தனை தமிழ்ச் சொற்களை இழந்தாலும் நாம், நாங்கள் வேறுபாட்டை இழப்பதில்லை. நம் அறிஞர்கள் அவ்வேறுபாட்டை நன்கறிந்தவர்கள். ‘நம் தமிழ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எங்கள் தமிழ்’ என்று சொல்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் புனேயில் இருந்து பார்க்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சைக்குச் சென்ற மராட்டியரின் வழித்தோன்றல்கள் இன்றும் வீட்டில் மராத்தி பேசுகின்றனர். தமிழ் கலந்த அம்மொழி புனே நகரத்தாருக்கு வேடிக்கையாக ஒலிக்கக்கூடும். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு மொழியைக் காத்தவர்களைப் பார்த்து ‘இது எந்த ஊர் மராத்தி?’ என்று ஒருவர் சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இனி என் கோரிக்கைகள். புலம்பெயர்ந்த தமிழரின் பேச்சை நேர்முகத் தேர்வுகளிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் ‘பிழை’ என்று குறிப்பதை நிறுத்துங்கள். ‘வழக்கு’ என்று குறியுங்கள். தற்காலத் தமிழ் இலக்கியம் கற்பிக்கும் துறைகள் சபாவுக்கும் சினிமாவுக்கும் வெளியே நின்று தம் பாடலைத் தாமே இயற்றிப் பாடுவோரையும் பாடத்தில் சேர்க்கட்டும். அவர்களுடைய பாடல் நன்றாக இல்லையென்றால் அதைக் கலைக்காரணம் காட்டி எழுதுங்கள். சுசீலா ராமனின் எல்லாப் பாடல்களும் எனக்கும் உவப்பானவை அல்ல. சிலவற்றில் தாளத்தின் வேகம் சொல்லை விழுங்கிவிடுகிறது என்பது என் கருத்து. அது விமர்சனம். நாக்கைப் பார்த்துச் சிரிப்பது விமர்சனமன்று.

கடைசியாக ஒன்று. பாடல் நீக்கப்பட்ட பின்னர் அந்த இளைஞரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். மீண்டும் வெளியிடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. கிதாரின் தந்தியைத் துடைத்துக்கொண்டே, ‘இங்கிலீஷ்ல பாடுனா யாரும் என்னைத் திருத்துறதில்லக்கா. தமிழ்ல பாடுனாதான் பரீட்சை’ என்றார். ஆங்கிலத்தையும் அவர் கோர்படி ஒலிப்போடுதான் பாடுகிறார். விடுதிகளில் அதற்குக் கைதட்டல் கிடைக்கிறது. வரும் சனிக்கிழமையும் அங்கே ஆங்கிலத்தில் பாடப்போகிறார்.

தமிழ் அழிகிறது என்று மேடைதோறும் கலங்குகிறோம். கோர்படியில் ஒருவர் தமிழில் பாட முன்வந்தார். அவரை ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்பியவர்கள் நாம். அந்தப் படத்திலுள்ள பெயர்களுள் உங்களுடையதும் இருந்தால், அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். என் பெயரும் அப்பட்டியலில், பேசாதவர்கள் வரிசையில் இருக்கிறது.

கோர்படி, புனே